விளக்கேற்ற ஒருத்தி

பிப்ரவரி 3, திங்கள்

விடியும்போதே வீடெல்லாம் ஒரே நெடி. மூக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. இவர் எழுந்து ஜன்னலை எல்லாம் சாத்தினார். விடிந்து வெயில் ஏறியும் பூலம்மாளைக் காணோம். நேற்று விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்ட பாத்திரம் மலையாகக் கிடக்கிறது. லீவு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று திட்டிக்கொண்டே பாதியைத் தேய்த்தேன்.

பத்து மணிக்கு மேல்தான் விஷயம் தெரிந்தது. இறால் கம்பெனியில் அமோனியா குழாய் வெடித்திருக்கிறது. காற்று கீழக்காலனிப் பக்கம் அடித்ததால் கேஸ் முழுக்க அங்கே போய்விட்டதாம். நம் நகர்ப் பக்கம் திரும்பவில்லை, ஆண்டவன் இருக்கிறான். பூலம்மாள் பாயில் படுத்தபடியே போய்விட்டாள். ஏழெட்டுப் பேர் என்கிறார்கள். அவள் மகள் மாரிக்கனி நைட் ஷிப்டில் உள்ளே இருந்தவள். உயிர் தப்பிவிட்டாள், கண்ணில் கேஸ் பட்டுவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்தவள். ஒரு ஸ்பூன் காணாமல் போனதில்லை. மீதிப் பாத்திரத்தைத் தொட மனம் வரவில்லை, அப்படியே தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வேறு ஆள் கிடைக்கவில்லை. வேலைக்கு வருகிறவர்கள் எல்லாருமே கீழக்காலனி. எல்லார் வீட்டிலும் எழவு.

பிப்ரவரி 5, புதன்

வடிவேல் நகர் மகளிர் மன்றத்தின் சார்பாகத் துட்டி கேட்கப் போனோம். தலைவி என்ற முறையில் நான்தான் எல்லாரையும் திரட்டினேன். ‘உங்கள் துயரில் நாங்கள்’ என்று பேனர் அடித்தாயிற்று. போர்வை, பிஸ்கட், ரொட்டி. என் வெள்ளைக் கைத்தறிச் சேலை இஸ்திரி போடாமல் இருந்ததால் அரை மணி நேரம் தாமதம்.

பூலம்மாள் வீட்டில் நிற்க இடமில்லை. அவள் புருஷன் உச்சிமாகாளி என்னைக் கண்டதும் காலில் விழப் போனான். “அம்மா, நீங்களே வந்துட்டீயளா” என்று ஓவென்று அழுதான். மாரிக்கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஈரத்துணி. எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கண்ணும் கோவைப்பழமாக இருந்தது.

“இடது கண்ணு போச்சுன்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாவம்மா” என்றான் உச்சிமாகாளி. “வலது கண்ணு பொழைக்குமாம். தாமசம் பண்ணாம மதுரைக்குக் கொண்டு போங்கன்னாவ.”

“வலது கண்ணுல நீங்க நிக்கது தெரியுதும்மா, மங்கலா” என்றாள் மாரிக்கனி. “வெள்ளையா ஏதோ கட்டியிருக்கிய.”

உடனே எங்கள் மன்றத்தில் பேங்க் வேலை பார்க்கிற மீனலோசனி முன்னால் வந்து, “வடிவக்கா, என்ற கார் வெளியவே நிக்குதுங்க. இப்பவே கூட்டிட்டுப் போயிரலாங்க” என்றாள். இந்தக் கோயம்புத்தூர்க்காரி நகருக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் கூட்டி வந்த இடத்தில் இவள் முந்துகிறாள்! மன்றம் என்று ஒன்று இருக்கிறது, தலைவி என்று ஒருத்தி இருக்கிறாள். “மதுரையில எங்க சொந்தக்காரி கோமுவோட மச்சினன் பெரிய டாக்டர். நான் சொல்லி ஏற்பாடு பண்ணுதேன். நீங்களா போனா வரிசையில உட்காரவச்சு நாளைக்கு வா நாளன்னைக்கு வான்னுருவான்” என்று உச்சிமாகாளியிடம் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அதோடு அவள் வாய் அடைத்துப்போயிற்று.

வாசலில் ஒரு கிழவி, “கம்பெனியில அந்த ஆபத்துச் சங்கு மட்டும் ஊதியிருந்தா எல்லாரும் எந்திச்சு ஓடியிருப்போமே, ஏம்மா ஊதல?” என்று என்னிடம் கேட்கிறாள். நானா கம்பெனி நடத்துகிறேன்? துக்கத்தில் இருக்கிறவர்களிடம் என்ன பேச. பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

கிளம்பும்போது மீனலோசனி அந்த வீட்டைப் பார்த்து, “போயிட்டு வர்றோங்க” என்றாளே பார்க்கணும்! எழவு வீட்டில் யாராவது போயிட்டு வர்றோம் என்பார்களா? எல்லாரும் திடுக்கிட்டுப் போனார்கள். இந்தச் சாதாரண முறைகூடத் தெரியாதவளெல்லாம் உதவி செய்ய வந்துவிட்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

வீட்டு ஹாலில் மன்றக் கூட்டம். பதினெட்டுப் பேருக்கு ரவா கேசரி, பஜ்ஜி, காபி. பாத்திரம் நானே.

கீழக்காலனி மக்களுக்கு ஆதரவாகப் பெரிய அளவில் ஒரு நிகழ்ச்சி நடத்துவது என்று முடிவானது. கம்பெனி மேனேஜரிடம் இவர் ஏற்கெனவே பேசிவிட்டார். மண்டபச் செலவு அவர்களுடையது, சென்னையிலிருந்து முதலாளியம்மாவே வருவார்களாம். மூடிக்கிடக்கிற கம்பெனி திறந்தால்தானே அந்த மக்களுக்கும் சோறு? இவருடைய அட்டைப்பெட்டி வியாபாரம் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனியை நம்பித்தான். ஆனால் அதற்காக நான் இதைச் செய்யவில்லை.

சங்கு விஷயத்தை யாரும் மேடையில் எடுக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தினம் விடியற்காலையில் சோதனை போடுகிறேன் என்று அது அலறியபோது, தூக்கம் கெடுகிறது, குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று எல்லாரும் என்னிடம்தானே வந்து முறையிட்டார்கள்? நான் போய் மேனேஜரிடம் பேசி நிறுத்தினதற்குப் போன வருஷம் கைதட்டினார்கள். இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சோதனையை நிறுத்தச் சொன்னேனே ஒழிய ஒயரைப் பிடுங்கச் சொன்னேனா?

குத்துவிளக்கை முதலாளியம்மாவும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணும் சேர்ந்து ஏற்றினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். மாரிக்கனி என்றதும் எல்லாருக்கும் சம்மதம். வயசுப்பிள்ளை, லட்சணமானவள், தாயை இழந்தவள். வேறு யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 8, சனி

உச்சிமாகாளி வந்தான். பின்வாசலில் நின்றுகொண்டு, “அம்மா, மதுரைக்கு என்னைக்குக் கூட்டிட்டுப் போவணும்?” என்றான்.

நான் பொறுமையாக விளக்கினேன். நாளைக்கே நிகழ்ச்சியை வைக்கத்தான் நினைத்தோம். ஆனால் தாய்க்குப் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் அவள் குத்துவிளக்கைத் தொடலாமா? தீட்டு. அதனால் காரியம் கழிந்த பிறகுதான் நிகழ்ச்சி. அதற்கு முன்னால் மதுரைக்குப் போனால் கண்ணில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்துவிடுவார்கள். கட்டுப்போட்ட கண்ணோடு ஒருத்தி மங்கள விளக்கு ஏற்றினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? “நிகழ்ச்சி முடிஞ்ச மறுநாளே நானே காரில கூட்டிட்டுப் போறேன். மருந்து ஊத்துதியல்லா, அதை விடாம ஊத்து” என்றேன்.

“அதுவரைக்கும் கண்ணு தாங்குமாம்மா?”

“கோமு மச்சினன்ட்ட கேட்டுட்டேன். ஒண்ணும் பயமில்லன்னுட்டாரு.”

“அம்மா சொன்னா சரிதான்” என்று போய்விட்டான். கோமு மச்சினனிடம் இன்னும் பேசவில்லை. திங்கட்கிழமை போன் போடணும்.

பிப்ரவரி 10, திங்கள்

மண்டபம், மைக் செட், நாற்காலி. நாள் முழுக்க அலைச்சல். போன் போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

முதலாளியம்மா ஊதா கட்டுவார்களாம். அப்படியானால் நான் மயில்கழுத்து.

பிப்ரவரி 14, வெள்ளி

மீனலோசனி எனக்குத் தெரியாமல் காலனிக்குப் போய் மாரிக்கனியை மதுரைக்குக் கூப்பிட்டிருக்கிறாள்! நல்லவேளை, உச்சிமாகாளி நன்றியுள்ளவன். அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் என்று சொல்லி மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டான். “அவ கூடப் போனா மன்றம் பொறுப்பு எடுத்துக்கிடாது. பெறகு ஆபரேசன் கீபரேசன்னு வந்தா என்ட்ட வந்து நிக்கக் கூடாது” என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொல்லவேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

வந்ததோடு வந்தது என்று பின்கட்டில் ஒரு ஒத்திகை பார்த்தேன். தீட்டு என்பதால் விளக்கு இல்லை. ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்து, கையில் ஊதுவத்தியைக் கொடுத்து, இதுதான் திரி என்றேன். குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த்தான் பார்க்கிறாள். “தூரமா நின்னு ஏத்துட்டி, குனிஞ்சா போட்டோவில மூஞ்சி தெரியாது” என்றால், “தூரமா நின்னா செம்பு எங்க இருக்குன்னு தெரியலயேம்மா” என்கிறாள். நாலைந்து தடவை சொல்லிக்கொடுத்த பிறகு பிடித்துக்கொண்டாள்.

உச்சிமாகாளி கடைவரை போய்வருகிறேன் என்றதால் அவள் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல் தொட்டிப் பக்கம் நகர்ந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்லவில்லை. வேண்டாம்ட்டி என்றுகூடச் சொன்னேன், ஒரு தடவை. பூலம்மாள் கை அப்படியே வந்திருக்கிறது. கண் சரியாகத் தெரியாமலே பாத்திரம் பளிச்சென்று இருந்தது. சோப்புத் தண்ணீர் தெறித்தபோது மட்டும் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஸ்ஸ்” என்றாள். பேப்பர் கப்பில் காபி கொடுத்தேன், சாயங்காலத்துப் பஜ்ஜியும் இரண்டு.

கண் குணமானதும் இவளையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். இவரும் சரி என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பூலம்மாள் காரியம். மன்றத்திலிருந்து பெரிய மாலை அனுப்பினேன். மேனேஜர் போன் செய்தார். முதலாளியம்மாவுக்கு வியாழக்கிழமை சௌகரியமாம். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அன்றைக்கு அஷ்டமி. நல்ல காரியத்தை அஷ்டமியில் தொடங்குவார்களா? ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். பெரிய மனுஷி, மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

உச்சிமாகாளி காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. “கருமணி மேல வெள்ளையா ஏதோ படருதும்மா. நேத்துலருந்து சீழு வேற வருது. ராத்திரியெல்லாம் மண்டையப் பிடிச்சிட்டு உருளுதா. இன்னைக்கு பஸ்சுலயாவது கூட்டிட்டுப் போயிரட்டுமா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோட்டீஸில் அவள் பேரைப் போட்டு ஊர் முழுக்க ஒட்டியாயிற்று. இத்தனை பேர் யாருக்காக ஓடுகிறோம்? “உன் மகளுக்காகத்தானய்யா இவ்வளவும் பண்ணுதேன். எனக்கென்ன, சும்மா வீட்டுல கெடந்து டிவி பார்க்கத் தெரியாதா? மூணு நாளு. உன் பொண்டாட்டி இருந்திருந்தா என் பேச்சைத் தட்டியிருப்பாளா?” என்றேன்.

பூலம்மாள் பேரைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான். போகும்போது, “ஞாயித்துக்கெழம முடிஞ்ச கையோட போயிரலாம்லாம்மா?” என்றான். போயிரலாம் என்றேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பார்லர். பேஷியலும் புருவமும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முடிந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. மண்டபம் நிறைந்து வழிந்தது. பத்திரிகைக்காரர்கள் நாலைந்து பேர். காலனிக்காரர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்திருந்தேன். முன்வரிசை நகர்க்காரர்களுக்கும் கம்பெனி ஆட்களுக்கும். மீனலோசனி வரவில்லை. வராதது நல்லது.

மாரிக்கனிக்கு என் பழைய பச்சைப் பட்டைக் கொடுத்திருந்தேன், நன்றாக எடுத்துக் காட்டியது. சீழ் வழிகிறது என்பதால் மேடைக்குப் பின்னால் நானே பஞ்சு வைத்துத் துடைத்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்துவிட்டேன். உடம்பு கொதித்தது. “நாளைக்கு விடியக்காலை மதுரை. இன்னைக்கு ஒரு அரை மணி நேரம் தாங்கிக்கோட்டி” என்றேன். “சரிம்மா” என்றாள். நல்ல பிள்ளை.

முதலாளியம்மா குத்துவிளக்கில் ஒரு முகத்தை ஏற்றிவிட்டு மெழுகுவத்தியை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் கையை நீட்டுகிறாள், திரியைக் காணோம். விளக்குக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில், மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று பக்கத்தில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திரியில் வைத்தேன். பற்றிக்கொண்டது. மண்டபமே கைதட்டியது. அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர்கள் படபடவென்று எடுத்துத் தள்ளினார்கள்.

கைதட்டலுக்கு நடுவில் அவள் என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள். “அம்மா, விளக்கு எரியுதா?”

“எரியுதுட்டி” என்றேன்.

மைக்கில் சொல்லிக்கொடுத்தது போலவே பேசினாள். கம்பெனிக்கும் மன்றத்துக்கும் நன்றி, எங்களுக்கு வேலை வேண்டும், கம்பெனியைத் திறக்க வேண்டும். முதலாளியம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதுவிட்டேன். அழாதவர்கள் யார்?

பிப்ரவரி 24, திங்கள்

உடம்பை அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. மதுரைக்கு நாளைக்குப் போகலாம் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன்.

பேப்பரில் படம் வந்திருக்கிறது. மயில்கழுத்து நிறம் கறுப்பு வெள்ளையில் தெரியவில்லை, வருத்தம்தான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சொன்ன சொல் தவறவில்லை, நானே கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கோவில்பட்டியில் டிபன். அங்கேயிருந்து கோமு மச்சினனுக்குப் போன் போட்டால் அவர் கண் டாக்டரே இல்லையாம். காது மூக்கு தொண்டை. அதுவும் ரிட்டையராகி மகனோடு பெங்களூரில் இருக்கிறாராம். கோமு இத்தனை வருஷமாக டாக்டர் டாக்டர் என்றுதான் பீற்றிக்கொண்டிருந்தாள், என்ன டாக்டர் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாளா? அவள் முகத்தில் இனி விழிக்கக் கூடாது.

கண் ஆஸ்பத்திரியில் எங்களை வரிசையிலெல்லாம் உட்காரவைக்கவில்லை. அமோனியா என்று சொன்னதும் நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன வயசு லேடி டாக்டர். பார்த்துவிட்டு வெளியே வந்து உச்சிமாகாளியிடம், “பட்ட மறுநாளே வந்திருக்க வேண்டாமா? இவ்வளவு நாள் எங்கே வச்சிருந்தீங்க? வலது கண் ஓட்டையாகி உள்ளே எல்லாம் சீழ். இனி எடுக்கத்தான் வேணும். ஒரு வாரம் முன்னால வந்திருந்தால்கூட ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம்” என்று சத்தம் போட்டாள்.

உச்சிமாகாளி திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் என்ன செய்வேன்? பெற்ற தகப்பனுக்கு இருக்க வேண்டாமா அக்கறை? நான் ஒரு தடவை பொறு என்று சொன்னால் அப்படியே பொறுத்துக்கொண்டிருப்பதா? அதைத்தான் டாக்டரிடமும் சொன்னேன். “படிக்காத ஜனங்க, எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாங்க மேடம்.” அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். படித்த திமிர்.

அவர்களை விட்டுவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

கம்பெனி திறந்தாயிற்று. அட்டைப்பெட்டிக்கு முன்னைவிடப் பெரிய ஆர்டர். சாமிக்குப் பொங்கல் வைத்தேன். புது வேலைக்காரிக்குக் கை சுத்தமே இல்லை, தட்டில் பருக்கை அப்படியே இருக்கிறது.

மார்ச் 5, புதன்

மீனலோசனி எதிரில் வந்தாள். சிரித்தேன். என்னைத் தாண்டிப் போய்விட்டாள். போகட்டும், அவளுக்குப் பொறாமை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கம்பெனி சார்பில் எனக்குச் சால்வையும் கேடயமும். நிகழ்ச்சிப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டு கொடுத்தார்கள். ஒன்று எனக்கு, ஒன்று மாரிக்கனிக்கு. அவளுக்குரியதை நீங்களே கையில் கொடுங்கள் என்றார் மேனேஜர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாளாம்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதிவிட்டால் மனம் இலேசாகும் என்று எழுதுகிறேன்.

அதே சுவரில் அதே மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள், அது மட்டும்தான் புதுசு. நான் வாய் திறக்கும் முன்பே, “வடிவம்மாவா?” என்றாள். பவுடர் வாசனையில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. உச்சிமாகாளி வாங்க என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

சட்டத்தை அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

“போட்டோவாம்மா?”

“ஆமாட்டி, நீ விளக்கேத்துனியே, அந்தப் படம். கம்பெனிக்காரங்க உனக்குன்னே பெருசா போட்டுத் தந்தாங்க.”

“நா நல்லா இருக்கனாம்மா?”

“ரொம்ப நல்லா இருக்க. பச்சைப் பட்டு அப்படி எடுக்குது.”

“கண்ணு ரெண்டும் தொறந்திருக்கா?”

“தொறந்துதான் இருக்கு.”

அவள் சிரித்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். “எனக்குன்னு இது ஒண்ணுதாம்மா இருக்கு, கண்ணு இருந்ததுக்கு அடையாளமா. இதுல நா எந்த எடத்துல நிக்கேன்? காட்டுங்களேன்” என்று விரலை நீட்டினாள்.

படத்தில் அவள் இல்லை. முதலாளியம்மாவும் நானும்தான் இருக்கிறோம். ஓரத்தில் நின்றவளை, கண் அசிங்கமாகத் தெரிகிறதென்று, ஸ்டூடியோக்காரன் வெட்டிவிட்டான். அவளுடைய மணிக்கட்டு மட்டும் இருக்கிறது, அதையும் என் கை மூடியிருக்கிறது. எனக்கு இது நேற்றே தெரியும். அவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

நீட்டிய விரல் நீட்டியபடி இருந்தது. அதைப் பிடித்து முதலாளியம்மா முகத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன். “இங்கதான்ட்டி” என்றேன்.

அந்த இடத்தை விட்டு விரலை எடுக்காமல் கண்ணாடியை மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள். உச்சிமாகாளி பின்னால் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.